மலையடிவாரத்து டூ ஸ்ட்ரோக்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்லாறு தாண்டி, பர்லியாறு தாண்டி, குன்னூர் வழியாக ஊட்டி போய்ச் சேர்ந்தால் 2,240 மீட்டர். நடுவில் 50 கிலோமீட்டர் மலைச் சாலை. அந்த ஏற்றமும் இறக்கமும்தான் மேட்டுப்பாளையத்தில் இருந்த என் தாய்மாமாவின் பட்டறைக்குச் சோறு போட்டன. ஏறும்போது கார்பரேட்டர் தகராறு செய்யும். இறங்கும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் கடை வாசலுக்குத்தான் வருவார்கள்.

பள்ளி விடுமுறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனவன், கல்லூரி முடியும்வரை ஒவ்வொரு லீவையும் அங்கேயே கழித்தேன். 1980களின் பிற்பகுதி அது. வந்த வண்டிகளில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். மைசூரில் ஐடியல் ஜாவா செய்த ஜாவா, பிறகு அதே தொழிற்சாலையில் பெயர் மாறி வந்த யெஸ்டி, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் ஆகியவை பழைய தலைமுறை. ஓசூரிலிருந்து 1984இல் வந்த இண்ட்-சுசுகியும், அடுத்த ஆண்டுக் கடைசியில் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100உம் புதிய தலைமுறை. புல்லட்காரர்களுக்கு ஊரில் வேறொரு மேஸ்திரி இருந்தார். மாமா டூ ஸ்ட்ரோக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. என்ஜினுக்குள் ஓடுகிற சாமான் என்று பார்த்தால் பிஸ்டன், கன்ராடு, கிராங்க். "மூணே சாமான்தான் மாப்ளே. ஆனா ஒண்ணுக்கு வலிச்சா மத்த ரெண்டும் சேர்ந்து அழுவும்" என்பார். அந்த வலி எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிப்பதைத்தான் நான் அவரிடம் கற்றேன்.

பழைய ஜாவாவில் இருந்தது செக் நாட்டு ஜிக்கோவ் கார்பரேட்டர். அதன் மேல் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். காலையில் முதல் உதைக்கு முன்னால் அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே ஃப்ளோட் தாழ்ந்து, பெட்ரோல் நிரம்பி, வெளியே கசியும். விரல் நனைந்ததும் விட்டுவிட்டுக் கிக்கரை உதைத்தால் வண்டி எழுந்துவிடும். (அந்தக் கிக்கரையே முன்பக்கம் திருப்பிப் போட்டால் அதுதான் கியர் லீவர். இவ்வளவு சிக்கனமான யோசனையை வேறெந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை.) பிறகு பலர் ஜிக்கோவைக் கழற்றிவிட்டு மிக்கார்ப் மாட்டினார்கள். ஜப்பானின் மிகுனி நிறுவனத்தோடு சேர்ந்து, சென்னையை அடுத்த மறைமலை நகரில் செய்த கார்பரேட்டர் அது.

மிக்கார்ப்பைக் கழற்றி, பழைய பேப்பர் மேல் பரப்பி வைத்து மாமா பாடம் நடத்துவார். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கேபிள் இழுத்து ஸ்லைடு மேலே போகிறது. ஸ்லைடில் தொங்கும் நீடிலும் கூடவே போகிறது. வண்டி ஸ்லோவில் நிற்கும்போதும் லேசாகத் திருகும்போதும் பேசுவது ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். பாதி ஆக்ஸிலேட்டரில் நீடில். முழுக்கத் திருகிப் பிடித்தால் மெயின் ஜெட். இதைச் சொல்லிவிட்டு, "வண்டிக்காரர் எந்த எடத்துல திணறுதுன்னு சொல்றாரோ, அந்த எடத்துக்கு யாரு பொறுப்புன்னு மட்டும் பாரு. மத்ததைத் தொடாதே" என்பார். நீடிலின் தலையில் வரிசையாகக் காடி வெட்டியிருக்கும். கிளிப்பை ஒரு காடி கீழே மாட்டினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். மேலே மாட்டினால் குறையும். ஏர் ஸ்க்ரூ காற்றுக்கானது என்பதால் உள்ளே முடுக்கினால் பெட்ரோல் கூடும், வெளியே விட்டால் குறையும். மாமா அதை இரண்டே விரலால், மெல்ல முட்டும்வரை முடுக்கி, ஒன்றரைச் சுற்று திருப்பி விட்டு, அங்கிருந்து காதை வைத்துச் சரிசெய்வார். பலம் போட்டு முடுக்கினால் ஸ்க்ரூவின் கூர்முனை கார்பரேட்டர் உடம்பில் இருக்கும் துளையைச் சிதைத்துவிடும். அப்படிச் சிதைந்த கார்பரேட்டர் எந்தக் காலத்திலும் ஒழுங்காக ஸ்லோவில் நிற்காது. பட்டறைக்கு வந்த கார்பரேட்டர்களில் தேய்ந்து கெட்டவற்றைவிட இப்படி முடுக்கிக் கெடுத்தவையே அதிகம்.

இனி மலைக்கு வருகிறேன். ஊட்டியில் காற்றின் அடர்த்தி மேட்டுப்பாளையத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று அந்த அளவுக்குக் குறைகிறது. கார்பரேட்டர் விடும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே மேலே போகப் போகக் கலவை கனத்துக்கொண்டே போகும். குன்னூர் தாண்டியதும் வண்டி 'டப்... டப்' என்று விட்டுவிட்டு அடிக்கும். பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக இருக்கும். ஊட்டியிலேயே குடியிருப்பவர்கள் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் சின்னதாகப் போட்டு வைத்திருப்பார்கள். அது சரி. ஆனால் ஒரு நாள் மேலே போய்விட்டுத் திரும்புகிற கோயம்புத்தூர்க்காரர்களும் அதையே கேட்பார்கள். மாமா ஒத்துக்கொள்ளவே மாட்டார். கிளிப்பை ஒரு காடி மேலே மாட்டிக் கொடுத்து, "திரும்பி வரையில நிறுத்துங்க, பழையபடி போட்டுத் தர்றனுங்க. காசு வேண்டாம்" என்பார். பெட்ரோல் கூடினால் பிளக் கரி பிடிக்கும், அவ்வளவுதான்; துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். சின்ன ஜெட்டை மறந்துவிட்டுச் சமவெளியில் காரமடை ரோட்டில் முழு வேகத்தில் பிடித்தால், பெட்ரோல் பற்றாமல் என்ஜின் சூடேறி, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். மாமாவின் அலமாரியில் அப்படி ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்று இருந்தது. பிடிவாதம் பிடிக்கும் வாடிக்கையாளரின் கையில் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இறக்கத்தின் கதை இதற்கு நேர்மாறு. ஜாவாவுக்கும் யெஸ்டிக்கும் ஆயில் தனியாகக் கிடையாது; பெட்ரோலில் கலந்துதான் போக வேண்டும். பங்க்கில் பெட்ரோல் போட்டதும் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பில் 2டி ஆயில் அடித்துவிடுவார்கள். பழைய ஜாவாவுக்கு 25க்கு 1 கணக்கு, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. கன்ராடு பேரிங், கிராங்க் பேரிங், பிஸ்டன், எல்லாவற்றுக்கும் அந்த ஆயில்தான் உயிர். ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கிறது. குன்னூரிலிருந்து கல்லாறு வரை இறக்கம். பெட்ரோல் மிச்சம் என்று ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, கியரில் வண்டியை உருட்டிக்கொண்டே வருவார்கள். சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் ஆயில் பற்றாது. பர்லியாறு தாண்டிய ஏதோ ஒரு வளைவில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்து, பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த நொடியில் கிளட்சைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் நடந்து வந்தார்கள். மற்றவர்கள் ஆம்புலன்ஸில் வந்தார்கள்.

யெஸ்டியின் பின்சீட்டில் மாமாவோடு இறங்கிய பயணங்கள் இன்னும் என் உடம்பில் இருக்கின்றன. நேர்ச்சாலை முடிந்து வளைவு வருமுன் அவர் கிளட்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை ஒரு திருகு திருகி விடுவார். பின்னால் நீலப் புகை ஒரு பந்து எழும்பும். தைல மரத்தின் வாசனையும் சூடான பிரேக் ஷூவின் நெடியும் அந்தப் புகையும் கலந்து மூக்கில் ஏறும். அந்த ஒரு திருகில்தான் கிராங்க்குக்கு ஆயில் போகிறது என்று கீழே வந்து நிறுத்திய பிறகு சொன்னார். ஆர்.எக்ஸ். 100இல் ஆயிலுக்குத் தனி டேங்கும் பம்ப்பும் உண்டு. என்ஜின் சுற்றுகிறவரை பம்ப் கொஞ்சமாவது ஆயில் விட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பம்ப்பை நம்பாமல் கழற்றிவிட்டு, பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டியவர்களுக்கு இறக்கத்தில் பழைய ஜாவாவின் கஷ்டமே திரும்பி வந்தது.

இதுவரை சொன்னது கார்பரேட்டர் சமாசாரம். மாமாவின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அதற்குக் கீழே, கிராங்க் கேஸில் இருந்தது.

டூ ஸ்ட்ரோக்கில் கார்பரேட்டரிலிருந்து வரும் கலவை நேராக பிஸ்டனுக்கு மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுற்றும் அறைக்குள் நுழைகிறது. பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை கலவையை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அமுக்கிப் பக்கவாட்டுத் துவாரங்கள் வழியாக மேலே தள்ளுகிறது. கிராங்க் கேஸ் என்பது கொல்லன் பட்டறைத் துருத்தி. துருத்தியில் ஓட்டை இருந்தால் எவ்வளவு கரி கொட்டினாலும் உலை எரியாது. கிராங்க்கின் இரண்டு முனைகளும் வெளியே வரும் இடத்தில் ஆளுக்கொரு ஆயில் சீல் உண்டு. விரல் மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் வளையம். டூ ஸ்ட்ரோக்கின் தலையெழுத்து அந்த இரண்டு வளையத்திலும் இருக்கிறது.

கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயிலை என்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். வெள்ளைப் புகை தெருவை அடைக்கும், பிளக் நனையும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். அந்தப் புகையின் நெடி 2டி ஆயில் நெடி அல்ல. கண்ணை மூடிக்கொண்டே மாமா சொல்லிவிடுவார். மேக்னட் பக்கத்து சீல் போவது இதைவிட ஆபத்து, ஏனென்றால் புகை வராது. கார்பரேட்டரைத் தாண்டி, அதற்குத் தெரியாமலே வெளிக்காற்று உள்ளே வரும். பெட்ரோல் பற்றாமல் போகும். ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் என்ஜின் வேகம் இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கும். பார்க்கிறவர்களுக்குக் கார்பரேட்டர் கெட்டதுபோலவே தெரியும்.

கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் ஒருவர் ஆர்.எக்ஸ். 100 கொண்டுவந்தார். பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் திணறல். விட்டால் ஸ்லோவில் நிற்காமல் கத்தல். "மேஸ்திரி, மூணு கார்பரேட்டர் மாத்திட்டனுங்க. ஜெட்டு மாத்தாத கடை இல்லைங்க. மேக்னட் பக்கம் சீல்கூடப் புதுசு போட்டாச்சுங்க" என்றார். கண் கலங்கிவிடும் நிலையில் இருந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி.

மாமா கார்பரேட்டரைக் கழற்றவில்லை. வண்டியை ஓடவிட்டு, கார்பரேட்டரும் சிலிண்டரும் சேரும் ரப்பரைச் சுற்றி விரலால் 2டி ஆயிலைத் தடவினார். சத்தம் மாறவில்லை, அங்கே காற்று இழுக்கவில்லை. மேக்னட் கவரைக் கழற்றினார். புதிதாகப் போட்ட சீலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு அவரே செய்து வைத்திருந்த ஒரு சாமானை எடுத்தார். கார்பரேட்டர் அடியில் இருக்கும் போல்ட்டில் துளை போட்டு, கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் பொருத்தியது. ஃப்ளோட் அறையில் பெட்ரோல் எவ்வளவு நிற்கிறது என்பதை அந்தக் குழாயில் பார்க்கலாம். என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது பெட்ரோல் தெளிவாக நின்றது. ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் குழாய் முழுக்க நுரை. வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது கார்பரேட்டர் குத்தம் இல்லைங்க. கிராங்க் ஆடுது. அந்த ஆட்டத்துல பெட்ரோல் நொரைக்குது, ஜெட்டுக்குள்ள நொரைதான் போவுது. சீலு புதுசானாலும் ஆடுற தண்டு அதைத் தின்னு போட்டுரும்."

இந்த நாளைத்தான் நான் மறக்கவே முடியாது. கார்பரேட்டர் மேலே இருக்கிறது, கிராங்க் கீழே இருக்கிறது, இரண்டும் வேறு வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒன்றின் ஆட்டம் மற்றொன்றின் வாயில் நுரையாக வந்து நின்றதைப் பார்த்தபோது என்ஜின் முழுவதும் ஒரே பொருளாகத் தெரிந்தது. ஜாவாவிலும் இதே உறவு இன்னொரு விதமாக உண்டு. அதில் பிளக்குக்கு நெருப்பு கொடுக்கும் பாயின்டைத் திறந்து மூடும் கேம் கிராங்க்கின் வலது முனையிலேயே இருக்கிறது. கிராங்க் பேரிங் தேய்ந்து முனை ஆடினால் பாயின்ட் இடைவெளி ஒரு சுற்றில் ஒரு மாதிரி, மறு சுற்றில் வேறு மாதிரி. எத்தனை முறை டைமிங் வைத்தாலும் நிற்காது.

கோத்தகிரிக்காரரின் கிராங்க்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாமாவும் நானும் கோயம்புத்தூர் போனோம். கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறை. டூ ஸ்ட்ரோக் கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு கனமான வட்டங்கள், நடுவே ஒரு பின், அந்தப் பின்னில் கன்ராடு. எல்லாம் பிரஸ்ஸில் அமுக்கி இறுக்கிச் சேர்த்தது. ஒரு நட்டு, ஒரு போல்ட் கிடையாது. கன்ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தால் துளியும் ஆட்டம் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம், அது இருக்க வேண்டியதுதான். இதைத் தெரியாமல் பக்கவாட்டு ஆட்டத்தைப் பார்த்து நல்ல கன்ராடை மாற்றியவர்களும், மேலும் கீழும் ஆடுவதைப் பார்க்காமல் விட்டவர்களும் உண்டு.

லேத்காரப் பெரியவர் பழைய பின்னைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்தார். புது ராடு, புது பின், புது ஊசி பேரிங் போட்டு மறுபடி அமுக்கினார். அதுவரை நடந்தது இயந்திர வேலை. பிறகு நடந்ததுதான் வித்தை. சேர்த்த கிராங்க்கை லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே மாட்டி, தண்டின் மேல் டயல் கேஜ் முள்ளை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஆடிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கிராங்க்கை எடுத்து, கையில் தாங்கிக்கொண்டு, அந்தக் கோட்டில் செம்புச் சுத்தியால் ஓர் அடி. மறுபடி சென்டர், மறுபடி முள், மறுபடி கோடு. எங்கே அடிப்பது, எவ்வளவு பலத்தில் அடிப்பது என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதிவிட முடியாது. அன்று அவர் விடாமல் அடித்து, முள்ளின் ஆட்டத்தை 0.03 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் டீ குடிக்க எழுந்தார். ஆர்.எக்ஸ். 100 முழுத் திறனைக் காட்டுவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். நொடிக்கு 125 சுற்று. அந்த வேகத்தில் சுற்றும் ஒரு பொருளை மனிதக் கை செம்புச் சுத்தியால் நேராக்குகிறது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம் குறையாத விஷயம்.

பின்னை வெல்டு வைத்துவிட்டால் கழன்று போகாது என்று சிலர் கேட்பார்கள். பெரியவர் செய்ய மாட்டார். பத்த வைத்த கிராங்க்கை அடுத்தமுறை பிரிக்க முடியாது, அதோடு அதன் ஆயுள் முடிந்தது என்பது அவர் நியாயம். அவர் சொன்னதே சரி.

கோத்தகிரி வண்டி பழைய கார்பரேட்டரோடு, கம்பெனி போட்ட ஜெட்டோடு நன்றாக ஓடியது.

டூ ஸ்ட்ரோக்கின் விசித்திரங்களில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வால்வு இல்லாமல், பிஸ்டனே துவாரங்களைத் திறந்து மூடுவதால் ஜாவா, யெஸ்டி போன்ற என்ஜின்களுக்கு முன்னால் பின்னால் என்ற பேதம் தெரியாது. டைமிங் அதிகம் முன்னால் இருந்து, கிக்கரை அரைகுறையாக உதைத்தால், பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன் நெருப்பு பற்றிக் கிராங்க் எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்துவிடும். சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருமுறை காய்கறி மண்டிக்காரர் ஒருவர் எங்கள் கடை வாசலில் யெஸ்டியை உதைத்து, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டார். வண்டி பின்னால் போனது. பின்னால் யாரும் இல்லாதது நல்ல காலம். மாமா ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, அன்றே பாயின்டைத் திறந்து டைமிங் சரிசெய்து கொடுத்தார்.

1996இல் மைசூர்த் தொழிற்சாலை மூடியது. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பும் அதே ஆண்டில் நின்றது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக மற்ற டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களும் ஒவ்வொன்றாகப் போயின. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பெட்ரோலிலும் ஆயிலிலும் ஒரு பங்கை எரியாமலே புகைபோக்கி வழியாக வெளியே விடுகிற என்ஜின் லட்சக்கணக்கில் தெருவில் ஓட வேண்டியதில்லை. ஆனால் மிச்சம் இருப்பவை நன்றாக ஓட வேண்டும். ஒழுங்காகப் பராமரித்த டூ ஸ்ட்ரோக் விடும் புகையும் குறைவுதான்.

இப்போது பையன்கள் பழைய ஆர்.எக்ஸ். 100ஐயும் யெஸ்டியையும் தேடி நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த ஆசையை நான் மனதார வாழ்த்துகிறேன். வாங்கியதும் அவர்கள் செய்வது பெயின்ட், குரோம், ஸ்டிக்கர். பிறகு பெரிய கார்பரேட்டர், சத்தம் போடும் சைலன்சர். கிராங்க்கைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. முப்பது ஆண்டு நின்ற வண்டியில் ரப்பர் சீல் இறுகிக் கல்லாகியிருக்கும். கிராங்க் பேரிங்கில் துரு ஏறியிருக்கும். அதன் மேல் எந்தக் கார்பரேட்டரை மாட்டினாலும் பணம் வீண்.

எனவே வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் என்ஜினை இறக்குங்கள். இரண்டு சீல், கிராங்க் பேரிங், தேவைப்பட்டால் கன்ராடு கிட், இவற்றை முடித்துவிட்டு, பழைய கார்பரேட்டரைக் கழுவிப் பழைய ஜெட்டோடே மாட்டிப் பாருங்கள். கிராங்க் சென்டர் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் கோயம்புத்தூரிலும், சென்னை புதுப்பேட்டையிலும், உங்கள் ஊர் லேத் பட்டறையிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கிராங்க்கை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர்கள் சம்மதித்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒரு பையனையும் கூட அழைத்துப் போங்கள்.